தட்டை வளையம்

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் காப்பிக் கோப்பையோடு, ஃபீகா என்னும் காப்பி இடைவேளைக்கான அறைக்குள் நுழைந்த ஹில்லெவி, டோர்க்கெலின் நாற்காலியில் யாரோ ஈர மழைக்கால்சட்டையை உலரப் போட்டிருப்பதைப் பார்த்தாள். ஜன்னலோரம், ரேடியேட்டருக்குப் பக்கத்தில், அறையிலேயே கதகதப்பான இடம் அது. பத்தொன்பது வருஷமாக அதில் டோர்க்கெலைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. வெளியூர்ப் பேராசிரியர் யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், அவன் கோப்பையோடு பக்கத்தில் போய் நிற்பான். இரண்டு நிமிஷத்தில் பேராசிரியர் தானாக எழுந்துவிடுவார். அந்த இடம் இப்போது துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. டோர்க்கெல் ஃபீகாவுக்கு வந்து பதினாறு நாளாகிறது.

லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஒருவர் கூட்டத்துக்கு வராமல் இருக்கலாம். மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் இருக்கலாம். அதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். காலை ஒன்பதரைக்கும் மாலை மூன்றுக்கும் காப்பி மேஜைக்கு வராமல் இருப்பது அப்படியல்ல. ராத்திரி வீட்டுக்கு வராமல் இருப்பது போல அது. எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள்.

"இது யாரோடது?" ஹில்லெவி கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னோடதுதான்" என்றான் யூஸி. எக்ஸ்-கதிர்க் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பின்லாந்துக்காரன். "சும்மாதானே கெடந்துது அந்த எடம்."

அவள் அதைச் சுருட்டி ரேடியேட்டரின் மேல் எறிந்தாள். கோபப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்கே தெரியும். டோர்க்கெலை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியது அவள் வாய்தான்.

ஆய்வுக் குழுவின் தலைவி இல்வா எதிரே உட்கார்ந்து லவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஹில்லெவியையும் டோர்க்கெலையும் விடப் பத்து வயது சின்னவள், சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். "நாளைக்கு நாப்பத்தொண்ணை மூடிடலாம்ல ஹில்லெவி? ஒரே ஒரு படம் போதும். ஏன் மூடறோம்னு எல்லாருக்கும் புரியணும், அவ்ளோதான்."

"பண்ணிடறேன்" என்றாள் ஹில்லெவி. காப்பி கசந்தது.

நாற்பத்தொன்று என்பது டோர்க்கெல் செய்த நாற்பத்தொன்றாவது மூலக்கூறு. நுரையீரலைப் பிடிக்கிற ஒரு கிருமியின் உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டால் கிருமி செத்துப்போகும். அடைப்பதற்குத் தோதான மூலக்கூறைச் சமைப்பது டோர்க்கெலின் வேலை. அது வாயில் எப்படிப் போய் உட்கார்கிறது என்று பார்த்துச் சொல்வது ஹில்லெவியின் வேலை. அவள் புரதத்தைப் படிகமாக வளர்ப்பாள், அவன் கொடுத்த பொடியில் ஊறவைப்பாள், எக்ஸ்-கதிரில் காட்டுவாள். கணினித் திரையில், அணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மங்கலான நீல வலை ஒன்று கிடைக்கும். வலைக்குள் மூலக்கூறின் மாதிரியை அணு அணுவாகப் பொருத்த வேண்டும். வலையில் உள்ளது மாதிரியில் இல்லாவிட்டால் அந்த இடம் பச்சையாகத் தெரியும், மாதிரியில் உள்ளது வலையில் இல்லாவிட்டால் சிவப்பாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் இல்லாமல் போனால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

நாற்பத்தொன்றில் அது முடியவே இல்லை. முப்பத்தெட்டாவது மூலக்கூறின் நுனியில் ஆறு கார்பன்கள் சேர்ந்த தட்டையான வளையம் ஒன்று இருந்தது. அதில் ஹைட்ரஜனை ஏற்றி, வளையத்தை மேலும் கீழுமாக மடிய வைத்ததுதான் நாற்பத்தொன்று. டோர்க்கெலுக்கு அதற்குப் பத்தொன்பது மாதம் பிடித்தது. ஆனால் திரையில் அந்த வளையத்துக்கு மேலே மூன்று பச்சைக் குமிழி, கீழே மூன்று பச்சைக் குமிழி, நடுவில் சிவப்புக் கறை. எத்தனை முறை பொருத்தினாலும் அதே. குப்பியில் பாதி தட்டை, பாதி மடிந்தது, இரண்டும் கலந்து கிடக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். கட்டியதோடு நிற்கவில்லை. பதினாறு நாளுக்கு முன் கூட்டத்தில், பதினொரு பேர் கேட்க, "சமையல் பாதிதான் வெந்திருக்கு டோர்க்கெல்" என்று சொல்லியும்விட்டாள்.

"என் குப்பியில ஒரே சரக்குதான் இருக்கு. மூணு தடவ சோதிச்சேன்."

"படிகம் பொய் சொல்லாது."

டோர்க்கெல் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் ஃபீகா அறைக்குள் நுழைந்து, அலமாரியிலிருந்த தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோப்பை போனதைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் விஷயத்தின் கனம் புரிந்தது.

தன் அறைக்கு வந்து ஹில்லெவி கணினியைத் திறந்தாள். நாளைக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். அதைப் பார்த்ததும் இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குற்றத்தை நிரூபித்துவிட்டால் தன் மனசும் ஆறும் என்று நினைத்தாளோ என்னவோ. முழுக்க மடிந்த வளையம் மட்டும் இருந்தால் இந்த வலையில் பொருந்தாது என்று காட்டிவிட்டால் போதும், கலப்படம்தான் என்பது வெட்டவெளிச்சம். மாதிரி கட்டும் மென்பொருளிலேயே சாதாரண மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் தயாராக இருக்கும். அதிலிருந்து வால் எதுவும் இல்லாத, வெறும் ஆறு கார்பன் மடிந்த வளையம் ஒன்றை எடுத்தாள். டோர்க்கெலின் மூலக்கூறைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இதை விட்டாள். பொருத்தும் பொத்தானை அழுத்தினாள்.

வளையம் அரை வினாடி நடுங்கியது. பிறகு முட்டைக் கிண்ணத்தில் முட்டை உட்கார்வது போல வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே மூன்று பச்சையும் போயிற்று. கீழே மூன்று பச்சையும் போயிற்று. சிவப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"இல்லயே" என்றாள் ஹில்லெவி தனியாக. வளையத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே சமர்த்து. கலப்படம் கிலப்படம் ஒன்றும் இல்லை. குப்பியில் இருந்தது முழுக்க மடிந்த வளையம்தான். கடையில் கிடைக்கிற சாதாரண வளையம் இவ்வளவு அழகாக உட்காரும்போது டோர்க்கெலின் வளையத்துக்கு மட்டும் என்ன கேடு?

புதிய மூலக்கூறு எதுவானாலும் அதன் வடிவம் மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அதற்கென்று ஒரு கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த அணுவுக்கும் அந்த அணுவுக்கும் இடையே தூரம் இவ்வளவு, இந்த மூன்றுக்கும் நடுவில் கோணம் இவ்வளவு, அதை மீறாதே என்று வரி வரியாகச் சொல்ல வேண்டும். வலை மங்கலாக இருக்கும் இடத்தில் மூலக்கூறு கண்டபடி நெளியாமல் இருக்க அந்தக் கோப்புதான் வேலி. நாற்பத்தொன்றின் வேலியை ஹில்லெவியே கட்டினாள். முப்பத்தெட்டின் கோப்பை நகல் எடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றினாள். எல்லோரும் செய்வதுதான்.

அந்தக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். அணுக்களின் பெயர்கள் சரி. தூரங்கள் சரி, ஒவ்வொன்றையும் மாற்றியிருந்தாள். கோணங்கள் சரி. படிக்கப் படிக்கத் தன் மேலேயே நம்பிக்கை கூடிக்கொண்டு வந்தது. கடைசிப் பக்கத்தின் அடிவரைக்கும் உருட்டினாள்.

அங்கே எட்டு வரி இருந்தது. இந்த ஆறு கார்பன்களும் ஒரே தளத்தில் தட்டையாக இருக்க வேண்டும் என்று கட்டளை. தட்டையான வளையம் கொண்ட முப்பத்தெட்டுக்கு எழுதியது. நகலோடு நகலாக வந்துவிட்டது. அதுவாவது சும்மா வந்ததா? வழக்கமாக விடுகிற இளக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட விடாமல் நெருக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "வளையம் ஆடுகிறது. இறுக்கிவிட்டேன். ஹி."

ஹி. என்றால் ஹில்லெவி. இரண்டு வருஷத்துக்கு முன் முப்பத்தெட்டின் வலை மிகவும் மங்கல். அன்று எரிச்சலில் அவள் கையால் போட்ட முடிச்சு அது. மேலேயுள்ள வரிகள் 'மடி' என்கின்றன, கீழேயுள்ள எட்டு வரிகள் 'மடியாதே' என்கின்றன. நடுவில் மாட்டிய வளையம் என்ன செய்யும்? மென்பொருளும் முதல் நாளிலிருந்தே கோணம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. அது டோர்க்கெலைத்தான் திட்டுகிறது என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, இவள் பயிரிட்டவனைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்.

காது மடல் இரண்டும் சுட்டன. ஆனால் வெட்கத்தின் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு, ஒரு சந்தோஷமும் வந்தது. அவள் தப்பு பண்ணியிருக்கிறாள் என்றால் டோர்க்கெல் பண்ணவில்லை. நாற்பத்தொன்று சாகவில்லை. ஹில்லெவி அந்த எட்டு வரியையும் அழித்தாள். கோப்பைச் சேமித்தாள். டோர்க்கெலின் மூலக்கூறைப் பழைய இடத்தில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வளையம் சப்பாத்தியாகவே கிடந்தது.

திரும்ப அழுத்தினாள். சப்பாத்திதான். ஐந்து நிமிஷம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த பிறகுதான், மென்பொருள் காலையில் படித்த பழைய கோப்பையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது. இருபது வருஷ அனுபவக்காரி. முதல் வருஷ மாணவர்களிடம் இதையே தினமும் சொல்கிறவள். மூடிவிட்டுத் திறந்தாள், புதிய கோப்பைக் கொடுத்தாள், அழுத்தினாள்.

எண்ணெயில் போட்ட அப்பளம் போல வளையம் ஒரு துள்ளு துள்ளி வளைந்தது. ஒரு முனை மேலே, மறுமுனை கீழே. ஆறு பச்சைக் குமிழிகளும் ஆறு கார்பன்களுக்குள் மறைந்தன. மேலே எழும்பிய முனை ஒரு சின்னக் குழிக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டில் அந்தக் குழியில் ஒரு தண்ணீர் மூலக்கூறு எப்போதும் உட்கார்ந்திருக்கும். அதை வளையம் துரத்திவிட்டிருந்தது. பரிசோதனையில் நாற்பத்தொன்று முப்பத்தெட்டை விடப் பன்னிரண்டு மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று வந்தபோது, "பரிசோதனையும் தப்பு" என்று சொன்னதும் அவள்தான். இதோ காரணம், கண்ணெதிரே.

ஹில்லெவி வாய்விட்டுச் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யூஸி, "என்னாச்சு, பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்று கத்தினான்.

"ஆமா!" என்று கத்திவிட்டு, மேல்கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

டோர்க்கெலின் ஆய்வகம் முற்றத்துக்கு எதிர்க் கட்டடத்தில், முதல் மாடியில். ஏப்ரல் மாசத்துக் காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. வாசலில் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது, அவன் ஆவியை விசிறி வைத்து உறிஞ்சும் புகைப்பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு குடுவையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. பக்கத்துப் பலகையில் அவன் கோணல் கையெழுத்தில் "41, மறுபடி" என்று தலைப்பு. அதன் கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை. எட்டு வரைக்கும் அடித்திருந்தான்.

ஓடிவந்த சந்தோஷம் அப்படியே நின்றது. "என்ன டோர்க்கெல் இது? திரும்பவும் பண்றியா?"

"பாதி வேகலன்னு சொன்னியே."

"ஒம்பது படியையுமா?"

"கூட்டம் முடிஞ்ச மறுநாள் ஆரம்பிச்சேன். சனி, ஞாயிறு எல்லாம் சேத்துத்தான்." குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மூணு தடவ சோதிச்சேன்னு சொன்னேன்ல. நீ சொன்னப்புறம் அந்த மூணு தடவையும் தப்பா பாத்துட்டனோன்னு ஒரு சந்தேகம். முப்பது வருஷத்துல எனக்கு அப்படித் தோணினதே இல்ல. ராத்திரி முழிச்சிக்கிட்டு மனசுக்குள்ள ஹைட்ரஜன் எண்ணிக்கிட்டிருக்கேன்."

தான் செய்யாத தப்பைத் திருத்த ஒரு மனுஷன் பதினாறு நாளாகக் குனிந்து நின்றிருக்கிறான். ஹில்லெவி அவன் பக்கத்தில் போனாள்.

"தப்பு உன்னோடது இல்ல. என்னோடது. வளையம் தட்டையா இருக்கணும்னு கோப்புல நானே எழுதி வெச்சிருக்கேன். எழுதி, இறுக்கி வேற வெச்சிருக்கேன். இப்ப எடுத்துட்டேன். உன் சரக்கு சுத்தம் டோர்க்கெல். அப்படியே போய் உக்காருது. வந்து பாரு."

டோர்க்கெல் குடுவையை மெதுவாக மேஜையில் வைத்தான். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியில் தங்கியது வீம்புதான்.

"வர முடியாது. ரெண்டு மணிக்கு ஹைட்ரஜனை விடணும். நாலு மணி வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும்."

"அதான் வேண்டாமே இனிமே! முதல்ல பண்ணினதே சரியா இருக்கே!"

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும்." அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பதினோரு பேர் எதிர்ல என்னை அரைவேக்காடுன்னு சொன்ன. இப்ப தனியா வந்து இல்லங்கற."

"அவங்க எதிர்லயும் சொல்றேன். இன்னிக்கே, மூணு மணிக்கு."

"சொல்லேன். நான் இல்லாத எடத்துல நீ என்ன சொன்னா எனக்கென்ன?" துணியை உதறிக் கொடியில் போட்டான். "போ. காத்துல கோட்டு இல்லாம வந்திருக்க. சளி பிடிக்கும்."

கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஹில்லெவி படியிறங்கினாள். முழுக்கக் கைவிட்டவன் சளியைப் பற்றிப் பேச மாட்டான்.

ஃபீகா அறையில் ஒரு சட்டம் உண்டு. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது: பிறர் நேரத்தைத் தின்றவர் கேக் கொண்டுவருவார், வெட்டுவதற்கு முன் தன் தப்பை முழு வாக்கியத்தில் சொல்வார். ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதி ஒட்டியவளும் ஹில்லெவிதான். 'சின்னக் குழப்பம் நடந்துடுச்சு' என்று மழுப்பியவர்களையெல்லாம், கையில் கத்தியோடு, முழு வாக்கியம் வரும்வரை நிற்க வைத்திருக்கிறாள். யூஸி மட்டும் ஏழு கேக் கொண்டுவந்திருக்கிறான். அவள் இதுவரை ஒன்றுகூட இல்லை. மதியம் சைக்கிளில் பேக்கரிக்குப் போய், மர்சிபான் என்ற பச்சைப் பாதாம் பசை போர்த்திய கேக்கில் இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டபோது, கடைக்காரப் பெண், "பிறந்த நாளா?" என்றாள். "தப்பு நாள்" என்றாள் ஹில்லெவி.

மூன்று மணிக்கு மேஜை நிறைந்திருந்தது. ஹில்லெவி கேக் வாங்கியிருக்கிறாள் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவி, மேல்மாடியிலிருந்து சம்பந்தமே இல்லாத நாலு பேர் தட்டோடு இறங்கி வந்திருந்தார்கள். யூஸி முன்வரிசையில் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவன் போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"முழு வாக்கியம்" என்றான். "எழுவாய், பயனிலை எல்லாம் வேணும்."

"தெரியும். சட்டம் எழுதினதே நான்தான்." அவள் கத்தியை எடுத்தாள். "நாப்பத்தொண்ணோட கோப்புல நான்..." என்று ஆரம்பித்தாள்.

எதிரே ஜன்னலோரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. இவர்கள் கேட்டு என்ன ஆகப்போகிறது? இவர்களா பதினாறு நாள் தூங்காமல் இருந்தார்கள்? அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கேக்கை அட்டையோடு இரண்டு கையாலும் தூக்கினாள்.

"எங்க போற?" இல்வா பாதி எழுந்தாள்.

"யாரைச் சொன்னேனோ அவன் எதிர்ல சொல்லணும். இங்க சொன்னா செல்லாது."

"கேக்கு?"

"அதுவும் வருது. பிளாஸ்கை எடுத்துக்கோ இல்வா. யூஸி, தட்டு. யாராச்சும் என் மடிக்கணினியை எடுங்க, மூடாம எடுங்க, படம் திறந்தே இருக்கு."

முற்றத்தைத் தாண்டியது ஊர்வலம். முன்னால் ஹில்லெவி குழந்தையைத் தூக்கிப் போவது போல கேக்கோடு, பின்னால் காப்பி பிளாஸ்கோடு குழுத்தலைவி, அதற்குப் பின்னால் தட்டுகள், கரண்டிகள், திறந்த கணினி. பாதி வழியில் காற்று கேக்கின் அட்டை மூடியைப் பறித்துக்கொண்டு போய் மக்னோலியா மரத்தில் மாட்டியது. யூஸி அதை எடுக்க இரண்டடி ஓடிவிட்டு, தட்டுகள் கையில் இருப்பது நினைவு வந்து திரும்பினான். இல்வா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்குக் கூட்டத்துல நான் என்னத்த முடிவு பண்றது?" என்று கேட்டாள்.

"முதல்ல பாரு. அப்புறம் பண்ணு" என்றாள் ஹில்லெவி.

ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. தாழ்வாரத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் மூன்றடி தூரத்தில் டோர்க்கெல். குடுவைக்குள் திரவம் சுழன்றுகொண்டிருந்தது, குடுவையின் மேல் ஹைட்ரஜன் பலூன் உப்பி நின்றது. அதை விட்டு அவன் வெளியே வரமாட்டான், வரவும் கூடாது. தலையைத் தூக்கியவன் பதினைந்து பேரையும் ஒரு பச்சைக் கேக்கையும் பார்த்தான். கை அப்படியே நின்றது.

ஹில்லெவி கேக்கை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அருகில் போனாள். தொண்டையைச் செருமினாள்.

"டோர்க்கெல் செஞ்ச வளையம் மடிஞ்சுதான் இருந்துது. அது தட்டையா இருக்கணும்னு நான்தான் கோப்புல தப்பா எழுதி வெச்சேன், அந்தத் தப்பை வெச்சு அவன் மேல பழி போட்டேன்."

டோர்க்கெல் காதைத் தொட்டு, கையை விரித்தான். விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். அவன் புருவத்தைச் சுருக்கி, காதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினான். இன்னும். மூன்றாவது முறை அவள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "தப்பு பண்ணினது நான்! ஹில்லெவி! உன் சமையல் முழுக்க வெந்திருக்கு!" தாழ்வாரத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாடிப்படியில் தலைகள் முளைத்தன.

டோர்க்கெல் நான்காவது முறையும் காதில் கை வைத்தான். ஆனால் உதட்டோரம் துடித்தது.

"அட பாவி" என்றாள் இல்வா. "அவனுக்கு முதல் தடவையே கேட்டுடுச்சு."

தாழ்வாரமே சிரித்தது. ஹில்லெவியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. அந்தப் பக்கம் டோர்க்கெல் தலையைக் குனிந்துகொண்டு, பலூனைச் சரிபார்க்கிறவன் போல நின்றான். தோள் மட்டும் குலுங்கியது.

அவள் கணினியை வாங்கி, திரை உள்பக்கம் தெரியும்படி கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். டோர்க்கெல் நிமிர்ந்தான். சிரிப்பு போய்விட்டது. குடுவையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓர் அடி முன்னால் வந்தான். பத்தொன்பது மாதமும் அதற்கு மேல் இந்தப் பதினாறு நாளும் அவன் கண்டதெல்லாம் குப்பியின் அடியில் ஒட்டிய வெள்ளைப் பொடிதான். தான் செய்தது போய் உட்கார்ந்திருக்கும் இடத்தை இப்போதுதான் பார்க்கிறான். ஹில்லெவிக்குத் திரை தெரியவில்லை. கணினியின் முதுகுக்கு மேலாக அவன் முகம்தான் தெரிந்தது. அவன் விரலைச் சுழற்றிக் காட்டினான், திருப்பு என்று. அவள் திரையைப் பார்க்காமலே தடவித் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் என்றான். கையை உயர்த்தினான், நில்.

மேலே எழும்பிய முனையும், அது துரத்தியடித்த தண்ணீரின் இடமும் அவனுக்கு நேராக வந்திருக்க வேண்டும். டோர்க்கெல் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தான். கண்ணாடியில், திரையில் தெரிந்த வளையத்தின் மேலேயே, கோடு கோடாக வரைய ஆரம்பித்தான். அவசரமே இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை திரும்பிக் குடுவையைப் பார்த்துக்கொண்டான். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஹில்லெவியின் கை வலித்தது, ஆனால் இறக்கவில்லை.

அவன் தலையசைத்த பிறகு கணினியை எடுத்தாள். கண்ணாடியில் மடிந்த வளையம் தனியாக நின்றது. இவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இடவலம் மாறிய படம். இடவலம் மாறினால் மூலக்கூறே வேறு, இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இன்றைக்கு அதைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதாக இல்லை.

டோர்க்கெல் பேனாவை மூடப்போனவன், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி திறந்தான். வளையத்துக்குப் பக்கத்தில் பெரிய வட்டம் ஒன்று போட்டான். நடுவிலிருந்து ஒரு கோடு இழுத்தான். கொஞ்சம் யோசித்து, இரண்டாவது கோட்டை நன்றாகத் தள்ளி இழுத்தான். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் அடங்கியது. அதைக் கோடு கோடாக நிரப்பிவிட்டு, பேனா முனையால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான்.

"அநியாயம்" என்றான் யூஸி.

ஹில்லெவி கத்தியை எடுத்தாள். கேக்கைக் கண்ணாடிக்கு நெருக்கமாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அவன் போட்ட இரண்டு கோடுகளின் மேலும் கத்தியை வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். பிறகு, உள்ளேயிருந்து அவன் பார்த்துக்கொண்டிருக்க, அளவுக்கு மேல் இரண்டு விரல் தள்ளி வைத்து வெட்டினாள்.